"குத்துதும்மா": குழந்தைகள் ஒதுக்கிவைத்த உடைகளை மாற்றித் தைக்க ஒரு முழு வழிகாட்டி

என் மகளுக்கு ஏழு வயது. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மட்டும் பட்டு ரவிக்கையின் கைக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், கை முடிகிற இடத்தில் வளையல் போட்டதுபோல் சிவப்பாக ஒரு கோடு. "குத்துதுன்னு சொன்னேன்ல" என்றாள். சொல்லித்தான் இருந்தாள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் சொன்னதை நான் அடம் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி அந்த ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஜரிகைப் பார்டரை உள்ளே மடித்துத் தைத்திருந்தார்கள். ஜரிகையின் பின்பக்கம் சொரசொரப்பாக, அரம்போல் இருந்தது. எனக்கே அது உறுத்தியது. அதற்குப் பிறகு அவள் அலமாரியில் போடாமல் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். சிலது உருப்பட்டது, சிலது பாழாயிற்று. இரண்டிலும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். கால் மிதி மெஷினோ மோட்டார் மெஷினோ ஒன்று இருந்து, நேராகத் தையல் ஓட்டத் தெரிந்தால் இதில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம்.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்

குழந்தை ஒரு உடையைப் போடமாட்டேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் வெட்டினால், புதிதாகத் தைத்ததும் பழையபடி அலமாரிக்கே போகும். நான் முதலில் மாற்றித் தைத்த கவுனுக்கு அதுதான் ஆனது. நீளம் போதவில்லை என்று நினைத்துக் கீழே ஃப்ரில் வைத்தேன். அவளுடைய பிரச்சினை கழுத்தில் இருந்தது.

"ஏன் பிடிக்கலை?" என்று கேட்டால் பெரும்பாலும் "பிடிக்கலை" என்றுதான் பதில் வரும். கேட்பதைவிடப் பார்ப்பது நல்லது. அந்த உடையைப் போட்டுவிட்டு ஒரு பத்து நிமிடம் விளையாட விடுங்கள். கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். பின்கழுத்துக்குப் போனால் லேபிள் அல்லது ஜிப்பின் மேல்முனை. அக்குளுக்குப் போனால் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் இருக்க அடிக்கும் தையல்) நூல், இல்லை இறுக்கம். இடுப்புக்குப் போனால் எலாஸ்டிக் அல்லது நெட்டின் வெட்டு விளிம்பு. அடிக்கடி கீழே இழுத்துவிட்டுக்கொண்டால் நீளம் போதவில்லை. பிறகு உடையை உள்பக்கம் திருப்பி, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தை ஒவ்வொரு தையலின் மேலும் ஓட்டிப் பாருங்கள். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குத் தெரியாது. மணிக்கட்டுக்குத் தெரியும்.

உடம்பில் எதுவும் உறுத்தாமலேயே ஒதுக்குவதும் உண்டு. "இது பாப்பா டிரஸ்", "இது அக்காவோடது", "பிங்க் வேண்டாம்". இதற்கு மருந்து வேறு, பின்னால் வருகிறேன்.

அளவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நாலு வயதிலிருந்து பருவ வயது வரும்வரை குழந்தைகள் வருடத்துக்குச் சராசரியாக 5, 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதாவது 2, 2½ இஞ்ச். இடுப்பு அந்த வேகத்தில் அகலமாவதில்லை. அதனால்தான் பாவாடையும் பேன்ட்டும் இடுப்பில் சரியாக இருக்கும்போதே கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுகின்றன. அகலத்தைத் தொடாமல் நீளத்தை மட்டும் சரிசெய்தால் போதுமான துணிகள் உங்கள் வீட்டிலும் கண்டிப்பாக இரண்டு மூன்று இருக்கும். அவற்றில் ஆரம்பியுங்கள், கை பழகும்.

எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

பட்டுத் துணியை வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்திருந்தால் மடிப்புக் கோட்டில் இற்றுப்போயிருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் மடிப்பின் இருபுறமும் பிடித்து மெல்ல இழுங்கள். இழை விலகி வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து வெட்ட வேண்டும். வியர்வை பட்ட அக்குள் பகுதியும் அப்படித்தான். முழுக்க இற்றுப்போனதில் உழைப்பைக் கொட்டாதீர்கள்.

பட்டா, பட்டு மாதிரியா என்று சந்தேகம் இருந்தால் உள்மடிப்பிலிருந்து நாலு இழை உருவி, தண்ணீர்க் கிண்ணம் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகுகிற நாற்றம் அடித்து, விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஊடை ஒன்றும் பாவு ஒன்றுமாகவும் இருக்கலாம் என்பதால் குறுக்கிலும் நெடுக்கிலும் தனித்தனியாகப் பாருங்கள். இது முக்கியம், ஏனென்றால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாலியஸ்டர் மேல் சூடான பெட்டி பட்டால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பட்டுக்கும் குறைந்த சூடுதான், அதுவும் மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு.

குழந்தையின் முதல் பிறந்தநாள் உடை மாதிரி ஒன்றிரண்டை வெட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள். நான் வெட்டிவிட்டு வருத்தப்பட்டேன்.

கையில் இருக்க வேண்டியவை

இஞ்ச் டேப், தையல் சாக், குண்டூசி, நல்ல கத்தரிக்கோல். தையல் பிரிக்க ரிப்பர் என்று ஒன்று 20, 30 ரூபாய்க்குத் தையல் சாமான் கடையில் கிடைக்கும். பிளேடால் பிரித்துப் பழகியவர்கள்கூடப் பட்டுக்கு ரிப்பர் வாங்கிக்கொள்வது நல்லது. ஊசியில் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டுக்கும் மெல்லிய மல் துணிக்கும் 11ஆம் நம்பர், சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. மழுங்கிய ஊசி பட்டில் இழையை இழுத்துக்கொண்டு போகும், பிறகு எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தக் கோடு போகாது.

புதிதாக லைனிங் வாங்கினால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். பருத்தி சுருங்கும். அந்த அளவுக்குச் சுருங்காத பட்டோடு சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பில் பாவாடை முழுக்கச் சுருக்கம் விழும்.

இன்னொன்று. அளவெடுக்கக் குழந்தையை நிற்கவைத்துப் போராட வேண்டாம். அவள் தினமும் விரும்பிப் போடுகிற ஒரு உடையை எடுத்துத் தரையில் விரித்து, அதன் அளவை எழுதிக்கொள்ளுங்கள். எங்கே எவ்வளவு தளர்வு அவளுக்குப் பிடிக்கும் என்பதையும் அந்த உடையே சொல்லிவிடும்.

பட்டுப்பாவாடை

இதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். விலை கொடுத்து வாங்கி, நாலு முறைக்குமேல் போடாமல் கிடப்பது இதுதான் என்பதால்.

எங்கள் வீட்டுப் பாவாடை 2 மீட்டர் சுற்று. இடுப்பில் 1 இஞ்ச் பட்டை, பின்னால் கொக்கி, கீழே 4 இஞ்ச் ஜரிகை பார்டர். வளர வளரப் பிரித்துவிட, நீளத்தை மடித்துத் தைக்கும் டக் இரண்டை உள்ளே பிடித்திருந்தார் தையல்காரர். இடுப்புப் பட்டை கயிறுபோல் வெட்டுகிறது, கொக்கி முதுகில் உறுத்துகிறது, நீளம் போதவில்லை. மூன்று குறை. அவளுடைய நாலாவது குறையை அவளாகவே சொன்னாள்: "பாக்கெட் இல்ல."

முதலில் டக். ஒரு இஞ்ச் ஆழம் பிடித்த டக்கைப் பிரித்தால் 2 இஞ்ச் நீளம் கிடைக்கும். ஆனால் பட்டில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும், மடிப்புக்குள் இருந்த பாகம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கும். அதன்மேல் மெல்லிய ஜரிகை லேஸ் ஒன்றை ஓட்டினால் மறைந்துவிடும். இந்த வருடத்துக்குத் தேவை இல்லையென்றால் டக்கைத் தொடாதீர்கள். நான் ஒன்றைப் பிரித்து, ஒன்றை அடுத்த வருடத்துக்கு விட்டேன்.

அடுத்து இடுப்பு. பழைய பட்டையை முழுவதும் பிரித்து எடுத்துவிடுங்கள். கொசுவம் எல்லாம் விரிந்து துணி தட்டையாகும். இப்போது நிறையப் பேர் செய்வது, பட்டுத் துணியையே மடித்து எலாஸ்டிக் கோத்துவிடுவது. செய்யாதீர்கள். எலாஸ்டிக் ஒவ்வொரு முறை விரியும்போதும் பட்டு இழையைத் தேய்த்துத் தேய்த்து நைத்துவிடும், இடுப்பில் மூட்டை கட்டியதுபோலவும் இருக்கும். அதற்குப் பதில் மேலே நல்ல மிருதுவான பருத்தியில் 4 இஞ்ச் இடுப்புப்பட்டி வைத்து, எலாஸ்டிக்கை அந்தப் பட்டிக்குள் கோக்கலாம். உடம்பில் படுவது பருத்தி மட்டும். மேலே போடுகிற சட்டை பட்டியை மறைத்துவிடும். நீளமும் கூடும். பழைய பட்டை 1 இஞ்ச், தையலில் அரை இஞ்ச் போக, மொத்தத்தில் இரண்டரை இஞ்ச் லாபம்.

கணக்கு இப்படி. என் மகளுக்கு இடுப்பு 21 இஞ்ச், இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தில் 24. பட்டி அந்த 24ஐத் தாண்டி ஏற வேண்டும் என்பதால் 3 இஞ்ச் தளர்வு சேர்த்து 27. இரண்டு ஓரமும் தைக்க 1 இஞ்ச் சேர்த்து 28 இஞ்ச் நீளம் வெட்டினேன். உயரம்: தைத்த பிறகு 4 இஞ்ச் நிற்க வேண்டும், எலாஸ்டிக் கோக்க மேலே மடிக்க ஒன்றரை, கீழே தையலுக்கு அரை, ஆக 6 இஞ்ச். ஒரு இஞ்ச் அகல எலாஸ்டிக், இடுப்பு அளவில் 2 இஞ்ச் குறைத்து 19, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்க 1 சேர்த்து 20. உங்கள் குழந்தையின் அளவை இதே வரிசையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பாக்கெட். கொசுவம் பிடிப்பதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும், பிறகு கை நுழையாது. பாவாடையில் துணி இணைகிற தையல் ஒன்று இருக்கும். அது வலது பக்கம் வருமாறு திருப்பிக்கொள்ளுங்கள். மேல் விளிம்பிலிருந்து 2 இஞ்ச் விட்டு, 5 இஞ்ச் நீளத்துக்கு அந்தத் தையலைப் பிரியுங்கள். பிரித்த இடத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் முன்னும் பின்னுமாக நாலு தையல் போட்டு இறுக்கிவிடுங்கள். குழந்தையின் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து, எல்லாப் பக்கமும் 1 இஞ்ச் கூட்டி, அந்த அளவில் பருத்தித் துணியில் இரண்டு துண்டு வெட்டுங்கள். மேல் பகுதி மட்டும் பாவாடையின் மேல் விளிம்புவரை நீண்டிருக்கட்டும். ஒரு துண்டைப் பிரித்த ஓரத்தின் முன்பக்கத்திலும், இன்னொன்றைப் பின்பக்கத்திலும், நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்துத் தையுங்கள். இரண்டையும் உள்ளே தள்ளி, பை வடிவத்தில் சுற்றித் தைத்துப் பிசிறு வராமல் ஓவர்லாக்கோ இரட்டைத் தையலோ போட்டுவிடுங்கள். பையின் மேல் விளிம்பு பிறகு இடுப்புப்பட்டித் தையலில் மாட்டிக்கொள்ளும். அது முக்கியம். இல்லையென்றால் உள்ளே போகிற கூழாங்கல், மூடி, பாதி கடித்த கடலை மிட்டாய் எல்லாவற்றின் கனத்தையும் பட்டு மட்டும் தாங்க வேண்டியிருக்கும்.

பிறகு பட்டியை வட்டமாக இணைத்து, நாலு சமபங்காக மடித்து நாலு இடத்தில் குண்டூசி குத்துங்கள். பாவாடையின் மேல் விளிம்பையும் அதேபோல் நாலாகப் பிரித்துக் குறியுங்கள். குறியோடு குறியைச் சேர்த்து, ஒவ்வொரு கால் பங்கிலும் கிட்டத்தட்ட 20 இஞ்ச் பட்டுத் துணியை 6¾ இஞ்ச் பட்டிக்குள் சின்னச் சின்னக் கொசுவமாக மடித்து அடக்குங்கள். பாக்கெட் வாயின் மேல் மட்டும் கொசுவம் விழாமல் ஒதுக்கிவிடுங்கள். குண்டூசியைத் தையலுக்குள் வரும் பகுதியில் மட்டும் குத்துங்கள், பட்டில் துளை நிற்கும். முதலில் கையால் நீளநீளமாக ஓட்டிவைத்துக்கொண்டு, பிறகு மெஷினில் ஒரு சுற்று. மெதுவாக. இந்த ஒரு சுற்றில்தான் எனக்கு ஒரு மணி நேரம் போனது. கடைசியாகப் பட்டியின் மேல் ஓரத்தை மடித்துத் தைத்து, 2 இஞ்ச் வாய் விட்டு, ஊக்கில் எலாஸ்டிக்கை மாட்டிக் கோத்து மூடிவிடுங்கள். எலாஸ்டிக் உள்ளே முறுக்கிக்கொள்ளாமல் இருக்கப் பக்கத் தையலில் செங்குத்தாக ஒரு சின்னத் தையல் போட்டு நிறுத்தலாம்.

கொலுசு போடுகிற குழந்தையாக இருந்தால் இன்னொரு வேலை உண்டு. பார்டரின் பின்பக்கம் ஜரிகை இழை நீளமாக ஓடியிருந்தால் கொலுசின் சலங்கை அதில் மாட்டும். இழை அறுந்துபோவது ஒருபக்கம், குழந்தை தடுக்கி விழுவது இன்னொரு பக்கம். பார்டர் அகலத்துக்கு மல் துணியில் ஒரு பட்டி வெட்டி உள்பக்கம் வைத்து எம்மிங் (வெளியே தெரியாத கைத்தையல்) செய்துவிடுங்கள். மெஷின் தையல் வேண்டாம், ஜரிகையின்மேல் தெரியும்.

ரவிக்கைக்கு வருவோம். நல்ல தையல்காரர் தைத்ததாக இருந்தால் பக்கவாட்டில் உள்ளே இரண்டு மூன்று வரிசைத் தையல் ஓட்டியிருப்பார். ஒரு வரிசையைப் பிரித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 1 இஞ்ச் வரை தளரும். கை குத்துகிறதென்றால், உள்ளே மடித்த ஜரிகையைப் பிரித்து நீட்டிவிட்டு, லைனிங் துணியைக் கை ஓரத்தின் விளிம்புவரை கொண்டுவந்து, மடிப்பு முழுவதையும் அது மூடும்படி எம்மிங் செய்யுங்கள். வேலை அவ்வளவுதான். அரை மணி நேரம். முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சிவப்புக் கோடே விழுந்திருக்காது.

முதுகில் நாடாவும் குஞ்சமும் தொங்கவிட்டிருந்தால், சின்னக் குழந்தைகளுக்கு அதை வெட்டிவிட்டு உள்ளே பிரஸ் பட்டன் வையுங்கள். சறுக்குமரத்தில், கதவுத் தாழ்ப்பாளில், வண்டிச் சக்கரத்தில் நாடா மாட்டுவது விளையாட்டில்லை. ஐரோப்பியத் தர விதிகளில் 7 வயதுக்குட்பட்டவர்களின் உடையில் கழுத்துப் பகுதியில் உருவு நாடாவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

மாற்றித் தைத்த பாவாடையை என் மகள் முதலில் எதன்கூடப் போட்டாள் தெரியுமா, மஞ்சள் டி-ஷர்ட். என் மாமியார் "என்ன கண்ணு கோலம் இது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதமாகத் தொடாத பட்டுப்பாவாடையை வெள்ளிக்கிழமைதோறும் அவளே எடுத்துப் போடுகிறாள்.

நெட் வைத்த கவுன்

பிறந்தநாளுக்கு வாங்கி, கேக் வெட்டி, போட்டோ எடுத்ததும் கழற்றி வீசுகிற கவுன். உள்ளே விறைப்பான கேன்கேன் நெட் இருக்கும். அது குத்துவது நெட்டின் நடுப்பகுதியால் அல்ல, இடுப்புத் தையலில் வெட்டுப்பட்ட விளிம்பால். சின்ன மாற்றம் போதுமென்றால், இடுப்புத் தையலின் உள்பக்கம் 1½ இஞ்ச் அகலத்தில் பருத்தி கிராஸ் பட்டி (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) ஒன்றை வைத்து அந்த விளிம்பை முழுக்கச் சுற்றி மூடுங்கள். கேன்கேனில் ஒரு அடுக்கை வெட்டி எடுத்தாலே உட்காரும்போது எழும்பி நிற்பது குறையும்.

கல்லும் சமிக்கியும் ஒட்டிய மேல் பாகம்தான் பிரச்சினை என்றால், இடுப்போடு பிரித்து, கீழ் பாகத்துக்கு மேலே சொன்ன அதே பருத்திப் பட்டியை வைத்துப் பாவாடையாக்கிவிடலாம். நெட்டில் நூல் பிரியாது, அதனால் கீழே எவ்வளவு வெட்டினாலும் ஓரம் மடிக்க வேண்டியதில்லை. உள் லைனிங் சாட்டினாக இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பருத்தி வையுங்கள், வியர்வையை இழுக்கும். என்ன மாற்றினாலும் நெட் நெட்தான். தீபாவளி அன்று மத்தாப்பு பக்கத்திலோ விளக்கு பக்கத்திலோ இதைப் போட்டு விடாதீர்கள், பற்றினால் உருகித் தோலில் ஒட்டும்.

குட்டையான பருத்தி ஃபிராக்

இது சுலபம். முட்டிக்கு மேலே ஏறிவிட்ட ஃபிராக்கை இடுப்புக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டி ஓரம் அடித்தால், லெக்கின்ஸ்மேல் போடுகிற டாப். வெட்டிய கீழ்த்துண்டில் பாக்கெட் வரும். மார்பு இறுக்கமாக இருந்தால், கையில்லாத ஃபிராக்கில் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, 2½ இஞ்ச் அகலப் பட்டி ஒன்றை அக்குளிலிருந்து கீழ்வரை இரண்டு பக்கமும் சேருங்கள். தையலுக்குப் போக ஒரு பக்கத்துக்கு ஒன்றரை, மொத்தம் 3 இஞ்ச் அகலும். வேறு நிறத்தில் வைத்தால் வேண்டுமென்றே வைத்ததுபோல் இருக்கும். கிட்டத்தட்ட அதே நிறத்தில் தேடி வைத்தால்தான் ஒட்டுப்போட்டது தெரியும்.

டி-ஷர்ட், பனியன் துணி

லேபிளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். தையலில் மாட்டிய அரை செ.மீ. மிச்சம் முன்பைவிட மோசமாகக் குத்தும். ரிப்பரால் பிரித்து வேரோடு எடுங்கள். கழுத்துத் தையலோடு சேர்த்து ஓட்டியிருந்தால், அந்த இடத்தைப் பழைய பனியன் துண்டால் பட்டி போட்டு மூடிவிடுங்கள்.

பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஊசி இழையை அறுத்து, துவைக்கத் துவைக்க ஓட்டை விழும். நேர்த் தையல் மட்டும் ஓடும் மெஷினில் தைத்தால், போடும்போது துணி இழுபட்டு நூல் படீரென்று அறும். துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். உண்மையைச் சொன்னால், பக்கத் தையலைத் தெருமுனை ஓவர்லாக் கடையில் கொடுத்துவிடுவதுதான் மேல். துணி வேண்டுமென்றால் திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, பனியன் துணி அங்கே கிலோக் கணக்கில் கிடைக்கும். மற்றவர்களுக்கு அப்பாவின் பழைய டி-ஷர்ட் இருக்கவே இருக்கிறது. துவைத்துத் துவைத்து மிருதுவானது, புதிதைவிட நல்லது.

பிடித்த பொம்மைப் படம் போட்ட சட்டை சின்னதாகிவிட்டதென்று அழுகை வந்தால், படத்தைச் சுற்றி அரை இஞ்ச் விட்டு வெட்டி, பெரிய டி-ஷர்ட்டின் முன்பக்கம் வைத்து ஓரம் முழுக்கத் தைத்துவிடுங்கள். அச்சுப் படத்தின்மேல் நேராக இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், பெட்டியோடு வந்துவிடும்.

ஜீன்ஸ்

முட்டி கிழிந்தால் அரை டிரவுசர். கேட்கச் சுலபம். நான் முதலில் வெட்டியது, ஒரு கால் முட்டிக்கு மேலே, ஒரு கால் முட்டியோடு. முதல் காலை வெட்டிவிட்டு அடுத்ததை டேப் வைத்துத் தனியாக அளந்ததால் வந்த வினை. இப்போது செய்வது: குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து எவ்வளவு நீளம் வேண்டுமென்று குறிப்பேன், நின்று குறித்தால் உட்காரும்போது தொடைக்கு ஏறிவிடும். குறித்த இடத்துக்கு 2 இஞ்ச் கீழே ஒரு காலை வெட்டி, பேன்ட்டை நடுவில் மடித்து, வெட்டிய காலை வெட்டாத காலின்மேல் பொருத்தி, அதே கோட்டில் வெட்டுவேன்.

ஓரம் மடிக்கும்போது பக்கத் தையல் வருகிற இடத்தில் ஆறேழு அடுக்கு சேர்ந்து மெஷின் ஏறாது. அந்த இடத்தை மடித்துக் கல்லின்மேல் வைத்து அம்மிக் குழவியால் நாலு தட்டுத் தட்டுங்கள். தட்டையாகிவிடும். அங்கே மட்டும் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றி நகர்த்துங்கள், ஊசி உடையாது.

அரை டிரவுசர் வேண்டாம், முட்டியில் ஒட்டுப்போட வேண்டும் என்றால் குழாய்போன்ற காலுக்குள் மெஷின் நுழையாது. உள், வெளிப் பக்கங்களில் எந்தத் தையல் ஒற்றையாக ஓடுகிறதோ அதை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்து, துணியை விரித்து ஒட்டைத் தைத்து, மறுபடி மூடுங்கள். ஒட்டு எந்த வடிவம் என்பதைப் பையனிடமே விட்டுவிடுங்கள். எங்கள் அக்கா மகன் பல்லி கேட்டான். பல்லிதான் வைத்தோம்.

பையன்களின் பட்டுச் சட்டை

காலர் கழுத்தை அறுக்கிறது என்பதுதான் பொதுவான புகார். சட்டைக் காலரில் இரண்டு பாகம்: கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டை, அதிலிருந்து மடிந்து விழும் இலை. பட்டையின் மேல் ஓரத் தையலைப் பிரித்து இலையை மட்டும் உருவி எடுத்துவிட்டு, பட்டையின் இரண்டு மடிப்பையும் பழையபடி சேர்த்துத் தைத்தால் சைனீஸ் காலர் ஆகிவிடும். உள்ளே விறைப்புக்கு வைத்த கேன்வாஸ் பெரிதாகக் குத்தினால் அதையும் அப்போதே எடுத்துவிடலாம். முழுக்கை குட்டையாகிவிட்டால் முழங்கைக்கு மேலே வெட்டி அரைக்கை. வேறொன்றும் யோசிக்க வேண்டாம்.

"அக்காவோடது", "பிங்க் வேண்டாம்"

நிறம் பிடிக்காத பருத்தி உடைக்குச் சாயம் போடலாம். வெளிர் நிறத்தின்மேல்தான் அடர் நிறம் ஏறும். இளஞ்சிவப்பின்மேல் நீலம் போட்டால் ஊதா வரும், எனவே சாயப் பாக்கெட்டின்மேல் உள்ள நிறத்தை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். பாலியஸ்டர் கலந்த துணியில் சரியாகப் பிடிக்காது. தைத்த நூலும் பெரும்பாலும் பாலியஸ்டர் என்பதால் தையல் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும், அது பார்க்க ஒரு அழகாகத்தான் இருக்கிறது. ஜரிகை உள்ளதை வீட்டில் சாயம் போட வேண்டாம்.

அக்காவின் உடை தங்கைக்கு வரும்போது, அது தனக்கென்று ஆக ஏதாவது ஒன்று மாற வேண்டும். பட்டனை மாற்றினாலும் போதும். பட்டன் டப்பாவைக் கொட்டி, "உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ" என்று சொல்லுங்கள். என் தங்கை மகள் ஐந்து பட்டனையும் ஐந்து நிறத்தில் எடுத்தாள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் பட்டனே வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுவிடும்.

போட்டுப் பார்த்தல், முதல் துவைப்பு

ஓரம் அடிப்பதற்கு முன் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கையை மேலே தூக்கச் சொல்லுங்கள், குந்தி உட்காரச் சொல்லுங்கள், சப்பணம் போட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நிற்கவைத்துப் பார்ப்பதில் பயனில்லை. குந்தும்போது இடுப்புப்பட்டி பின்னால் இறங்கினால் எலாஸ்டிக்கை முக்கால் இஞ்ச் குறைத்துக்கொள்ளுங்கள்.

பட்டோடு பருத்திப் பட்டி சேர்த்ததை முதல் முறை நனைக்கும் முன், பட்டியின் ஓரத்தை ஈரத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் முக்காமல் டிரைகிளீனிங் கொடுத்துவிடுங்கள். ஒட்டவில்லையென்றால் நாலைந்து பூந்திக்கொட்டையை முந்தின நாள் ராத்திரி ஊறவைத்து, பிசைந்து வடிகட்டி, அந்த நுரைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் தட்டையான துணியில் சுருட்டி ஈரம் எடுத்து, உள்பக்கம் வெளியே வருமாறு நிழலில் காயப்போடுங்கள். அதற்கு முன்னால் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் போன வாரம் ஒரு நாவல்பழம் இருந்தது.